மேட்டில் திணறும் குட்டி வேன்: பெரிய என்ஜின் தீர்வாகுமா?

கோலசிலாங்கூரை விட்டு வடக்கே போகும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலையில் சபாக் பெர்ணாம் வரைக்கும் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்கள் கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கின்றன. கிழக்கே ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் செம்மண் சடக்கு லேசாக ஏறி இறங்குமே தவிர, எந்த வண்டியையும் சோதித்துவிடாது. இந்த வட்டாரத்துக்குள் ஓடும்வரை முப்பது வயது வேனிலும் பெரிய குறை தெரியாது. அதே வேன் மெத்தை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, நான்கு பேர் என்று ஏற்றிக்கொண்டு கோல குபு பாருவைத் தாண்டி, சிலாங்கூர் ஆற்று அணைக்கட்டு ஓரமாக ஃபிரேசர் மலைக்குத் திரும்பும்போதுதான் குட்டு வெளிப்படும். மூன்றாம் கியரில் இழுக்காது. இரண்டாம் கியரில் கத்தும். பின்னால் கார்கள் வரிசை கட்டும்.

கோவிட் முடக்கத்துக்குப் பிறகு பழைய குட்டி வேனைத் தங்கும் வண்டியாக்கி விடுமுறைக்குக் கிளம்புவது மலேசியாவில் பரவலாகிவிட்டது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த குடும்பங்களிலும் இந்த ஆசை புகுந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வேன், பாசார் மாலாமுக்குக் காய்கறி ஏற்றிய வேன் எல்லாம் இப்போது படுக்கையும் திரைச்சீலையுமாக நிற்கின்றன. ஒரு தடவை மலையேறிவிட்டு வந்த கையோடு பட்டறைப் போர்மனிடம் போய் நிற்பார்கள். அவரும் தயாராக வைத்திருப்பார்: "அண்ணே, ஆஃப்கட் ஒண்ணு வந்திருக்கு. என்ஜின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் முழு செட். தூக்கிப் போட்டுடலாமா?"

போடலாமா கூடாதா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. ஆனால் இந்த வேன்களின் வரலாற்றையும் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. குட்டி வேனின் எல்லையை முடிவு செய்பவை எடையும் வெப்பமும்தான்; குதிரைத்திறன் அவற்றுக்குப் பிறகே வருகிறது. எடையைக் குறைக்காமலும் வெப்பத்துக்கு வழி செய்யாமலும் போடும் என்ஜின், மேட்டில் நிற்கும் இடத்தை மட்டும் சற்றுத் தள்ளிவைக்கும்.

எந்த வண்டிகள்?

மலேசியச் சாலையில் இந்தக் கேள்விக்கு உள்ளாகும் வண்டிகள் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது சுஸுகி சூப்பர் கேரி. முன் இருக்கைக்கு அடியில் 970 சிசி, நான்கு சிலிண்டர் எஃப்10ஏ என்ஜின். ஏறத்தாழ 45 குதிரைத்திறன். இதே வண்டியைத்தான் 1980களில் இங்கிலாந்தின் லூட்டன் நகரில் பெட்ஃபர்ட் ராஸ்கல் என்ற பெயரில் தயாரித்தார்கள். அதன் முதுகில் ஒரு குட்டி அறையை வைத்து பெட்ஃபர்ட் பம்பி என்ற தங்கும் வண்டியும் வந்தது. 970 சிசியில் படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாவற்றையும் இழுத்த அந்த வண்டியை வைத்திருப்பவர்கள் அங்கேயும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது பெரோடுவா ரூசா. 1996-இல் வந்த இந்த வேன் டைஹாட்சுவின் வடிவம். முதலில் 1.3 லிட்டர், பிறகு 1.6 லிட்டர் என்ஜினோடும் விற்றது. மூன்றாவது, எல்லாரும் அறிந்த நிசான் வேனெட் சி22. இங்கே பெரும்பாலும் 1.5 லிட்டர் ஏ15 என்ஜினோடு ஓடியது. பாசார் மாலாம் நடக்கும் எந்த ஊரிலும் இன்றைக்கும் ஒன்றிரண்டையாவது பார்க்கலாம்.

மூன்றுக்கும் பொதுவான அமைப்பு உண்டு. ஓட்டுநர் என்ஜினுக்கு மேலேயோ அதை ஒட்டியோ உட்கார்கிறார். சக்தி நீளமான தண்டு வழியாகப் பின் சக்கரத்துக்குப் போகிறது. சூப்பர் கேரியின் பயணி இருக்கையைத் தூக்கிப் பார்த்தால் சங்கதி புரியும். கொக்கியைக் கழற்றி இருக்கையை மடக்கியதும் முகத்தில் சூடு அடிக்கும். கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் கைக்கு எட்டும். ஆனால் என்ஜினின் பக்கவாட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே கை நுழையச் சிரமப்படும். பெரிய என்ஜினுக்கு இடம் தேடுகிறவர் தேட வேண்டியது அந்த இடுக்கில்தான்.

மேடு எவ்வளவு கேட்கிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து வேனின் எடை 1,300 கிலோ என்று கொள்வோம். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போக, மேட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 14 கிலோவாட் தேவை. டயர் உராய்வும் காற்றும் இன்னும் மூன்று கிலோவாட் கேட்கும். ஆகச் சக்கரத்தில் 17 கிலோவாட், குதிரைத்திறனில் 23. கியரிலும் தண்டிலும் போகும் இழப்பு, ஏர்கோன் கம்ப்ரசர் பிடுங்கும் மூன்று நான்கு குதிரைத்திறன் இரண்டையும் சேர்த்தால் என்ஜின் முப்பதுக்கு மேல் தர வேண்டும்.

45 குதிரைத்திறன் என்ஜினுக்கு முப்பது பெரிய எண்ணா என்று கேட்கலாம். அந்த 45 குதிரைத்திறன், நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல்தான் கிடைக்கும். 3,000 சுற்றில் அது வெகுவாகக் குறைந்துவிடும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குக் காற்றின் அடர்த்தி பத்து விழுக்காடு போல் குறைவதால் என்ஜினின் திறனும் அதே அளவு குறையும். ஃபிரேசர் மலை ஏறத்தாழ 1,300 மீட்டர். கார்புரேட்டர் வண்டியில் அந்த உயரத்தில் கலவையில் பெட்ரோல் கூடிப்போய் இழுவை இன்னும் மந்தமாகும். ஆகவே ஓட்டுநர் இரண்டாம் கியரில் என்ஜினைக் கத்தவிட்டால்தான் வண்டி ஏறும். மூன்றாம் கியருக்குப் போனால் சுற்று விழுந்துவிடும். சிக்கலில் ஒரு பகுதி அந்த இரண்டு கியர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இருக்கிறது.

சமதளத்தில் கதை வேறு. 90 கிலோமீட்டர் வேகத்தில் இப்படிப்பட்ட வேனுக்குச் சக்கரத்தில் ஏறத்தாழ 21 குதிரைத்திறன் போதும். 110-க்குப் போனால் 35 வேண்டும். காற்றை எதிர்க்க வேண்டிய சக்தி வேகத்தின் மூன்றாம் படியில் ஏறுவதால் வரும் வித்தியாசம் இது. 2011-இல் திறந்த லாத்தார் விரைவுச்சாலையில் கோலாலம்பூரை நோக்கிப் போகிற குட்டி வேன் 90-ஓடு நிறைவு கொண்டால் பழைய என்ஜினுக்கே தெம்பு மிச்சமிருக்கும். 110 வேண்டும் என்றால் என்ஜினை மட்டும் மாற்றிப் பயனில்லை; கியரும் டயரும் பிரேக்கும் அந்த வேகத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

முதல் வேலை: எடை போடுவது

மேட்டுக்கு வேண்டிய சக்தி எடையோடு நேராக ஏறி இறங்குவது. 1,300 கிலோவில் 200 கிலோவைக் குறைத்தால் மேடு கேட்கும் சக்தியில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். 45 குதிரைத்திறன் என்ஜினை 52 ஆக்கியதற்குச் சமம். செலவு ஒரு வெள்ளிகூட இல்லாமல் இருக்கலாம்.

தங்கும் வண்டியில் எடை சத்தமில்லாமல் ஏறும். 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று முப்பத்தைந்து கிலோ போல் வரும். அலமாரி, கட்டில், தரை என்று நான்கு பலகை போட்டால் 140 கிலோ. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 60 லிட்டர்த் தொட்டி 60 கிலோ. வீட்டில் வைக்கும் 14 கிலோ கேஸ் தோம்பு, இரும்பையும் சேர்த்தால் முப்பதை நெருங்கும். நூறு ஆம்பியர் ஈய பேட்டரி 25 கிலோவுக்கு மேல். அதே கொள்ளளவு லித்தியம் பேட்டரி அதில் பாதி. காலி நிலையில் 800 கிலோவுக்கு உள்ளே இருக்கும் சூப்பர் கேரியில் இதையெல்லாம் அடுக்கி நான்கு பெரியவர்களும் ஏறினால், தயாரிப்பாளர் குறித்த எல்லையை வண்டி எட்டிவிடும் அல்லது தாண்டிவிடும்.

எடை போடுவதில் இந்த வட்டாரத்துக்கு நல்ல பழக்கம் உண்டு. 1917-இல் பெஸ்தாரி ஜெயா அருகே தென்னமரம் தோட்டத்தில் ஆன்ரி ஃபொக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரை நட்டார். அதன்பின் வளர்ந்த தொழில் முழுவதும் லோரி எடைமேடையில்தான் நிற்கிறது. குலையோடு வரும் லோரி ஆலை வாசலில் ஒரு தடவை, கொட்டிவிட்டு வெளியேறும்போது ஒரு தடவை என்று மேடையில் ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு. வேன்காரரும் அதையே செய்யலாம். பழைய இரும்புக் கடைகளிலும் எடைமேடை இருக்கும். சொல்லிக் கேட்டால் ஏற்றவிடுவார்கள். சாமானோடு முழு வண்டியை ஒரு தடவை, முன் சக்கரங்களை மட்டும் ஒரு தடவை, பின் சக்கரங்களை மட்டும் ஒரு தடவை. பின் அச்சில் அளவுக்கு மேல் எடை விழுந்திருந்தால் பெரிய என்ஜின் பேச்சை எடுக்கவே கூடாது. பலகையை மெலிதாக்கு, தொட்டியைக் காலியாக வைத்து மேலே போய் நிரப்பு, பேட்டரியை மாற்று என்பதுதான் எடைச்சீட்டு சொல்லும் பதில்.

இரண்டாவது: இருக்கும் என்ஜினின் நிலை

முப்பது வருட என்ஜின் 45 குதிரைத்திறன் தரும் என்று நம்புவது தாளில் இருப்பதை நம்புவது. வால்வு தேய்ந்து, ரிங் தளர்ந்து, கார்புரேட்டர் ஜெட் அடைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் ஒட்டிப்போயிருந்தால் அது 35-ஐத் தாண்டாமலும் இருக்கலாம். நல்ல போர்மன் முதலில் கம்ப்ரஷன் பார்ப்பார். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் அடிப்படை சரி. ஒன்று மட்டும் படுத்திருந்தால் அங்கேயே பாதி விடை கிடைத்துவிடும். வால்வு இடைவெளி, பற்றவைப்பு நேரம், கிளட்ச் வழுக்கல், இறுகிய பிரேக், காற்றுக் குறைந்த டயர் ஆகியவை அடுத்து வரும். பிரேக் டிரம்மில் லேசாக உரசிக்கொண்டே ஓடும் வேன், பெரிய என்ஜின் போட்டாலும் உரசிக்கொண்டேதான் ஓடும்.

என்ஜினை இறக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பலருக்குச் சுவையில்லாத வேலை. ஆனால் இதற்குப் பிறகு கிளட்ச், கியர், தண்டு, ரேடியேட்டர், பதிவுக் கிராண்ட் எதையும் தொட வேண்டாம். மேட்டில் 40-க்குப் பதில் 45-இல் ஏறினால் போதும் என்பவருக்கு இதுவே கடைசி விடையாகவும் அமையலாம்.

மாற்றுவதென்றால் எதை?

அதற்கும் மேல் வேண்டும் என்பவருக்கு முன்னால் சில வழிகள் இருக்கின்றன. அவற்றை எடைபோடத் தயாரிப்பாளர்கள் செய்ததைப் பார்ப்பதே நல்ல வழி. ஒரே உடலுக்கு இரண்டு என்ஜின் போட்டு, ஆயிரக்கணக்கில் விற்று, விளைவை நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்காரருக்கு நன்கு தெரிந்த மாருதி ஜிப்சியை எடுத்துக்கொள்ளலாம். 1985-இல் வந்தபோது அதற்குள் இருந்தது சூப்பர் கேரியின் அதே 970 சிசி எஃப்10ஏ. மலையில் திணறுகிறது என்ற புகாருக்குப் பிறகு 1.3 லிட்டர் ஜி13 என்ஜின் வந்தது. முதலில் 60 குதிரைத்திறன், 2000-இல் பெட்ரோல் பீய்ச்சும் முறையோடு 80. ஜிப்சியில் என்ஜின் மூக்குக்குள், திறந்த இடத்தில், ரேடியேட்டருக்கு நேர் பின்னால் இருந்தது. என்ஜினோடு சேர்த்து ஐந்து கியர்ப் பெட்டியும் வந்தது. சூப்பர் கேரிக்கும் பம்பிக்கும் 1.3 போட நினைக்கும் பலர் பார்ப்பது இந்த உறவைத்தான். ஆனால் அங்கே மூக்கில் கிடைத்த காற்று இங்கே இருக்கைக்கு அடியில் கிடைக்காது.

மாருதி வெர்ஸாவும் ஒரு பாடம். ஆம்னியின் 796 சிசிக்கு மேலே, கேரி குடும்பத்து உடலில் 82 குதிரைத்திறன் 1.3 என்ஜினோடு 2001-இல் வந்தது, விற்கவில்லை. அதே உடலை எளிமையாக்கி, 1.2 லிட்டர், 73 குதிரைத்திறனோடு 2010-இல் ஈக்கோ என்று விட்டார்கள், பிடித்துக்கொண்டது. விலைதான் முதற்காரணம். இருந்தாலும் குட்டி வேன் வாங்குகிறவருக்கு உச்சத் திறனைவிட மலிவான பராமரிப்பும் போதிய இழுவையும் முக்கியம் என்பதை அந்தச் சந்தை சொல்லிவிட்டது.

ஜப்பானின் 660 சிசி டர்போ இன்னொரு வழி. அங்கே கேய் எனப்படும் குட்டி வண்டி வகைக்கு 1990 முதல் 660 சிசி வரம்பு. தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட உச்சம் 64 குதிரைத்திறன். ஆக, சிறிய டர்போ என்ஜின் பழைய 970-ஐ மிஞ்சும். உயரத்தில் காற்று மெலிந்தாலும் டர்போ ஓரளவு ஈடுகட்டும் என்பது மலைக்குப் போகிறவருக்கு நல்ல செய்தி. கெட்ட செய்தி, டர்போ உமிழும் வெப்பம். இருக்கைக்கு அடியில் அது வெறும் அசௌகரியமாக நிற்காது.

டீசலை விரும்புகிறவர்களும் உண்டு. குறைந்த சுற்றில் இழுவை கிடைப்பது உண்மை. ஆனால் என்ஜின் கனம், அதிர்வு அதிகம். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10 அன்று டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்கு ஏறியதோடு, சிக்கனத்துக்காக டீசல் என்ற பழைய வாதமும் பலமிழந்தது.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் டி3 வேன் உலகில் மிகுதியாக என்ஜின் மாற்றப்பட்ட தங்கும் வண்டிகளில் ஒன்று. 1979-இல் காற்றால் குளிரும் 50 குதிரைத்திறன் 1.6 லிட்டரோடு வந்த அந்தக் கனத்த பெட்டி மலைகளில் ஊர்ந்தது. பின்னர் தண்ணீரால் குளிரும் 1.9, 2.1 வந்தன. உரிமையாளர்கள் பலர் சுபாரு என்ஜினைத் தேர்ந்தார்கள். சுபாருவும் படுத்த வாக்கிலான நான்கு சிலிண்டர் என்பதால் வேனின் பின்னறையில் உயரம் இடிக்காமல் அமர்ந்தது; மூக்கில் ஏற்கெனவே இருந்த பெரிய ரேடியேட்டரும் கைகொடுத்தது. தென்னாப்பிரிக்காவில் தொழிற்சாலையே ஐந்து சிலிண்டர் ஆவ்டி என்ஜினைப் போட்டு அந்த வேனை 2002 வரை விற்றது. பெயருக்கும் சக்திக்கும் முன்னால் என்ஜினின் உருவமும் குளிர்விப்பும் பொருந்தியதுதான் இரண்டு இடத்திலும் வெற்றிக்குக் காரணம்.

எரிந்த வேனெட்

தயாரிப்பாளரே செய்தாலும் தவறும் என்பதற்குச் சான்று, நம் பாசார் மாலாம் வேனெட்டேதான். 1987 மாடலாக நிசான் சி22-ஐ அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது, அங்குள்ள நெடுஞ்சாலை வேகத்துக்கும் ஏர்கோனுக்கும் ஈடுகொடுக்க 2.4 லிட்டர் இசட்24 என்ஜினைப் பொருத்தியது. ஏ12, ஏ15 போன்ற சிறிய என்ஜின்களையும் சுமந்த உடலில், முன் இருக்கைகளுக்கு நடுவே இருந்த அந்தக் குறுகிய அறைக்குள் 2.4 லிட்டரைத் திணித்தார்கள். காற்றுப் புழங்க இடமில்லை. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறியது; சில வண்டிகள் தீப்பிடித்தன. திரும்பத் திரும்ப அழைத்துப் பழுது பார்த்தும் தீரவில்லை. கடைசியில், 1990களின் முற்பகுதியில், விற்ற வேன்களையெல்லாம் உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கி நசுக்கிப்போட நிசான் முடிவு செய்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். அந்த வேனை இன்றைக்கு அமெரிக்கச் சாலையில் காண்பது அரிது.

அதே உடலோடு 1.5 லிட்டர் வேனெட் நம் வெயிலில், நம் சுமையோடு, பத்தாண்டுக் கணக்கில் ஓடியது. உடல் ஒன்று, நிறுவனம் ஒன்று. வித்தியாசம் என்ஜின் அறைக்குள் சேர்ந்த வெப்பம். சோதனைக்கூடமும் பொறியாளர் படையும் உள்ள நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், பட்டறையில் ஒரு வாரத்தில் பிராக்கெட் வெட்டி ஒட்டிய என்ஜினிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை குதிரைத்திறன் என்பதாக இருக்க முடியாது. சூடு எந்த வழியாக வெளியே போகும் என்பதுதான் முதல் கேள்வி.

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போல் தண்ணீரிலும் இன்னொரு பங்கு புகைக்குழாயிலும் வெப்பமாகப் போகிறது. மேட்டில் மெதுவாக ஏறும்போது அந்த வெப்பம் உச்சத்தில் இருக்கும். எதிர்காற்றோ குறைவாக இருக்கும். பழைய ரேடியேட்டரை வைத்துக்கொண்டு பெரிய என்ஜின் போடுவது, கனமான மூட்டையைத் தூக்கச் சொல்லி மூக்கைப் பொத்துவது போல. பெரிய ரேடியேட்டர், வெப்பநிலையைப் பார்த்து ஓடும் மின்விசிறி, குழாய்களில் காற்றுத் தங்காதபடி அமைப்பு, புகைக்குழாய்க்கும் இருக்கைக்கும் நடுவே வெப்பத் தடுப்பு, பெட்ரோல் குழாய் சூட்டிலிருந்து விலகிய பாதை ஆகியவை பட்ஜெட்டில் என்ஜினுக்கு முன்னாலேயே எழுதப்பட வேண்டும்.

என்ஜினுக்குப் பின்னால் வரும் வேலைகள்

கிள்ளான், சுங்கை பூலோ பக்கத்து ஆஃப்கட் கடைகளில் ஜப்பானிலிருந்து வெட்டி வந்த முன்பாதி வண்டியைப் பார்த்து விலை பேசுகிறவர்கள், என்ஜின் விலையையே மொத்தச் செலவாக நினைத்துவிடுகிறார்கள். புதிய என்ஜினுக்குப் பழைய கியர்பாக்ஸ் பொருந்தாது, பொருந்தினாலும் தாங்காது. ஆகவே கியர்பாக்ஸும் சேர்ந்து வர வேண்டும். அதன் நீளம் மாறும். தண்டை வெட்டி, ஒட்டி, சமன்செய்ய வேண்டும். இருக்கைக்கு முன்னால் எங்கோ இருக்கும் கியர்க் கம்பியோடு அதை இணைக்க வேண்டும். பீய்ச்சும் முறை என்ஜின் என்றால் அழுத்தமான பெட்ரோல் பம்ப், திரும்பி வரும் குழாய், கணினிப் பெட்டி, ஆக்ஸிஜன் சென்சார், வயரிங் எல்லாம் முழுசாக வேண்டும். ஆஃப்கட்டில் வயரை நறுக்கி எடுத்த கடையில் வாங்கினால் பிற்பாடு மின்வேலைக்காரர் வீட்டு வாசலில் நிற்க வேண்டிவரும்.

கியர் விகிதம் தனிப் பேச்சு. குட்டி வேனின் பின் அச்சு, சிறிய என்ஜினுக்கு ஏற்ற கீழ் விகிதத்தில் இருக்கும். என்ஜினை மட்டும் பெரிதாக்கினால் மேட்டில் சுகம். லாத்தாரில் 90-இலேயே கத்தல். ஐந்தாம் கியர் உள்ள பெட்டி வந்தால் இது பெரும்பாலும் தீரும்.

பிரேக்கைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் இரண்டாம் படி. 60-இல் போன வண்டி 80-இல் போனால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்கு. முன்னால் சிறிய டிஸ்க், பின்னால் டிரம் என்று சிறிய வேகத்துக்கு அமைந்த வண்டி இது. ஃபிரேசர் மலைப் பாதையில் கேப் என்ற இடத்திலிருந்து கோல குபு பாருவுக்கு இறங்கும் வளைவுகளில் பெரிய என்ஜின் கீழ் கியரில் இழுத்துப் பிடிக்க உதவும் என்பது உண்மை. அந்த உதவியை நம்பி வேகமாக இறங்குகிறவரின் பிரேக் திரவம் கொதிப்பதும் உண்மை.

ஜேபிஜே, ஆய்வு, காப்புறுதி

என்ஜின் மாற்றுவது மலேசியாவில் குற்றமல்ல; சொல்லாமல் மாற்றுவதுதான் குற்றம். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவில் உள்ள விவரம் மாறினால் உரிமையாளர் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேக்குத் தெரிவிக்க வேண்டும். என்ஜின் எண், சிசி இரண்டும் கிராண்டில் உள்ள விவரங்கள். எண்ணைச் சுரண்டுவதும் திருத்துவதும் தனிக் குற்றம். என்ஜின் வாங்கிய ரசீது, இறக்குமதியானது என்றால் சுங்கத்துறைத் தாள்கள், பட்டறைக் கடிதம் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு, அனுமதி கேட்டு, வண்டியை ஆய்வுக்குக் காட்டி, அதன்பிறகே கிராண்டை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆய்வு வேலை 2024 வரை புஸ்பாகோம் நிறுவனத்தின் தனியுரிமையாக இருந்தது. அதன்பின் பிறருக்கும் திறந்துவிடப்பட்டது. வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் நிரந்தரமாக வைப்பதும் அமைப்பு மாற்றம்தான். அதற்கும் ஜேபிஜே அனுமதி வேண்டும்.

ரசீதில்லா மலிவு என்ஜின் பிற்பாடு கழுத்தைப் பிடிக்கும். அது திருட்டு வண்டியிலிருந்து வந்திருந்தால் கிராண்ட் மட்டுமல்ல, வண்டியே கைவிட்டுப் போகலாம். சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்துக்குள்ளானால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அதையே காரணமாகக் காட்டலாம். ரோட்டெக்ஸ் வேறுபாடு இதற்கெல்லாம் முன்னால் சில்லறை: தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1,000 சிசி வரை ஆண்டுக்கு 20 வெள்ளி, 1,401 முதல் 1,600 வரை 90 வெள்ளி. சரக்கு வேனாகப் பதிவானால் கணக்கு வேறு. அந்தச் சில வெள்ளியை மிச்சப்படுத்த மறைப்பவர் ஆயிரக்கணக்கில் இழக்க வழி செய்துகொள்கிறார்.

யார் மாற்றலாம், யார் விடலாம்

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் முடிவுகள் வண்டிக்கு வண்டி பிரியும். பெரும்பாலும் செகிஞ்சான் கடற்கரைக்கும் கம்போங் குவாந்தான் மின்மினிக்கும் போய்வருகிற, வருடத்தில் ஓரிரு தடவை மலையேறுகிற குடும்பத்துக்கு மாற்றம் வேண்டாம். எடையைக் குறைத்து, என்ஜினைச் சீர்செய்து, ஏர்கோனை மேட்டில் அணைத்து, இரண்டாம் கியரில் பொறுமையாக ஏறி, இடம் கிடைத்தால் ஒதுங்கிப் பின்னால் வருபவருக்கு வழிவிட்டால் போதும்.

பழைய என்ஜின் பழுதுபார்க்க முடியாத நிலைக்குப் போய்விட்டவர் நிலைமை வேறு. எப்படியும் இறக்க வேண்டும் என்றால், அதே உடலுக்குத் தயாரிப்பாளர் போட்டு, நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் வருடக்கணக்கில் சிக்கலில்லாமல் ஓடிய அடுத்த அளவு என்ஜினை எடுப்பது நியாயம். ரூசா 1.3 வைத்திருப்பவருக்கு 1.6 அப்படிப்பட்ட தேர்வு. சூப்பர் கேரிக்கு 1.3 எல்லைக்கோடு, குளிர்விப்பை முதலில் கட்டாமல் தொடக்கூடாது. வேனெட்டுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் நினைப்பவர் அமெரிக்காவில் நசுங்கிய வேன்களை ஒரு தடவை நினைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது கூட்டம், நான்கு பெரியவர்களோடு மாதாமாதம் கேமரன் மலை, கெந்திங் என்று ஏறி இறங்க நினைப்பவர்கள். அவர்கள் கேட்பதை எந்தக் குட்டி வேனும் நெடுநாள் தராது. என்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பிரேக், தண்டு, வயரிங், அனுமதி என்று செலவை ஒரு தாளில் கூட்டிப் பார்க்கட்டும். அந்தத் தொகையோடு பழைய வேனை விற்ற காசையும் சேர்த்து, தொழிற்சாலையிலேயே பெரிய என்ஜினோடும் அதற்கேற்ற பிரேக்கோடும் வந்த வேன் ஒன்றை வாங்குவதே அவர்களுக்கு மலிவு. குட்டி வேனை அப்படியே விட்டுவைத்தால், சமதளத்தில் அது இன்னும் பல வருடம் ஓடும்.